காத்தாடி பிளேட் செய்ய முதலே அதைக் கழட்டுற நாளை யோசியுங்கோ: வன்னிப் பட்டறையில இருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்கட வீட்டுக் கோடிப்பக்கம் பூவரசுக்குக் கீழ, காத்தில கரண்ட் எடுக்கிற காத்தாடியின்ர மூண்டு பிளேட் போன மாசம் வரைக்கும் ஆறு வருசமாக் கிடந்தது. நான் செய்ததுதான். ஒவ்வொண்டும் ஒண்டரை மீட்டர், உள்ளுக்கை இரும்புப் பட்டை, அதுக்கு மேல ஸ்பிறே போம், அதுக்கும் மேல மூண்டு லேயர் பைபர் மேற் (கண்ணாடி நார் விரிப்பு), எல்லாத்தையும் ரெசின் எண்ட பிசினை விட்டு ஒண்டா ஒட்டி ஜெல்கோட் எண்ட வெளிப்பூச்சு அடிச்சு, பாக்க நல்ல வடிவாத்தான் இருந்தது. மூண்டாம் வருசச் சோளகக் காத்தில ஒண்டு வெடிச்சுது. சரி இரும்பையாவது கழட்டுவம் எண்டு கிரைண்டரோட போனால் இரும்பு கறள் பிடிச்சு ஊதிப்போய், போம் தண்ணி குடிச்சு, பைபர் ரெண்டோடையும் ஒட்டி, பிரிக்க வழியே இல்லை. பழைய இரும்பு எடுக்கிறவரும் பாத்துப்போட்டு வேண்டாம் எண்டிட்டார். எரிச்சால் அந்தப் புகை அயலுக்கே கூடாது, தாட்டால் என்ர பேரப்பிள்ளை கிண்டேக்கையும் அப்பிடியே இருக்கும்.

இதில எனக்கு வெக்கம் என்னெண்டால், வன்னியில ஒரு தகரத்துக்கு நாலு சீவியம். முதல் கூரை, பேந்து வேலி, பேந்து பங்கருக்கு மேல மூடி, கடைசியில கோழிக்கூடு. யுத்தகாலப் பொருளாதாரத் தடை நேரம் சைக்கிள் டைனமோவை கையால சுத்தி றேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். அப்பிடிப்பட்ட இடத்தில இருந்துகொண்டு ஒரே ஒரு சீவியம் மட்டும் உள்ள சாமானைச் செய்திருக்கிறன்.

முல்லைத்தீவுக் கரையில பைபர் போட் திருத்திறதுதான் என்ர தொழில், காத்தாடி பேந்து பிடிச்ச விசர். அந்த மூண்டு பிளேட்டுக்குப் பிறகு செய்த எல்லாத்தையும் வேற மாதிரித்தான் செய்யிறன், அதைத்தான் இதில எழுதிறன். 3 மீட்டர் விட்டமுள்ள, தோட்டத்துக்கு லைற்றும் சின்னப் பம்பும் ஓட்டுற அளவு காத்தாடியை மனசில வைச்சு எழுதிறன், ஆனால் யோசினை பெரிய காத்தாலைக்கும் அதேதான், இடைக்கிடை அங்கையும் போய் வருவம்.

பெரிய ஆக்களுக்கும் இதே தலையிடிதான்

மன்னாரில தம்பபவனி காத்தாலை 2020 டிசம்பரில திறந்தது, மின்சார சபையின்ர, 30 காத்தாடி, 103.5 மெகாவாட். ரோட்டர் விட்டம் 126 மீட்டர், அப்ப ஒரு பிளேட் 60 மீட்டருக்கு மேல. 30 ஐ மூண்டால பெருக்கிப் பாருங்கோ, 90 பிளேட். இப்பிடிப்பட்ட பிளேட்டுகளை சாதாரணமா 20, 25 வருசத்துக்கு எண்டுதான் டிசைன் பண்ணுறது, அப்ப 2040 தாண்டேக்கை அந்த 90 உம் கீழ இறங்க வேணும். காத்தாலை வேணுமோ வேண்டாமோ எண்டு மன்னார்ச் சனம் 2025 இல தெருவில இறங்கினது, அது வேற கதை, அதுக்குள்ள நான் இப்ப போகேல்லை. ஆனால் ஏற்கெனவே நிக்கிறது எப்பவோ ஒருநாள் இறங்கத்தான் போகுது.

காத்தாடியில மற்றப் பாகமெல்லாம் பிரச்சினையே இல்லை. கோபுரம் இரும்பு, ஜெனரேற்றரில செம்பு, எல்லாத்துக்கும் சந்தை இருக்கு. பாரத்தில 85 இல இருந்து 90 வீதம் திருப்பி உருக்கலாம் எண்டு அந்தத் துறைக்காரரே சொல்லுவினம். மிஞ்சிறது பிளேட்தான். அதுக்குள்ள கண்ணாடி நார், எப்பொக்சி இல்லாட்டி பொலியெஸ்டர் ரெசின், நடுவில பல்சா மரம் அல்லது போம், ஒட்டுற பசை, வெளியில பெயின்ற், இடி இறங்கிறதுக்கு உலோகக் கம்பி, அடியில இரும்பு போல்ட், நீளமான சிலதில காபன் நார். எல்லாம் ஒண்டோடொண்டு பிணைஞ்சு கிடக்கும். அமெரிக்காவில வயோமிங் மாநிலத்து காஸ்பர் எண்ட இடத்தில பிளேட்டை மூண்டா வெட்டி வரிசையா அடுக்கி மண் போட்டு மூடின படம் உலகமெல்லாம் சுத்தினது, கனபேர் பாத்திருப்பியள்.

ஏன் உருக்கேலாது எண்டால், ரெசின் ரெண்டு சாதி. ஒண்டு பனங்கட்டி மாதிரி, சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், திரும்பவும் இளக்கலாம். மற்றது அவிச்ச முட்டை மாதிரி, ஒருக்கால் இறுகினால் இறுகினதுதான், மேலும் சூடாக்கினால் கருகும். போட்டுக்கும் பிளேட்டுக்கும் நாங்கள் பாவிக்கிறது ரெண்டாவது சாதி. உள்ளுக்கை மூலக்கூறெல்லாம் குறுக்கும் மறுக்கும் கட்டுப்பட்டுப் போகும், அதாலதான் பலம், அதாலதான் பிறகு தொல்லையும்.

முதல் படி: கடைசி நாளை முதல் எழுதுங்கோ

பேப்பரை எடுத்து பிளேட்டின்ர படம் கீற முதல் ஒரு வரிசை எழுதுங்கோ. இந்த பிளேட் கன காலம் ஓட என்ன செய்யலாம், ஓடேலாமல் போனால் வேற காத்தாடியில பூட்டலாமோ, அதுவும் ஏலாட்டி வெட்டி எதுக்குப் பாவிக்கலாம், அதுக்கும் உதவாட்டி நாரும் ரெசினும் பிரிக்கலாமோ, அதுவும் இல்லாட்டி எங்க போகும். இந்த ஒழுங்கு முக்கியம். கனபேர் ரீசைக்கிள் எண்ட உடனை அரைச்சுத் தூளாக்கிறதைத்தான் நினைக்கினம், அது கடைசிக்கு முதல் படி, அதில காசும் இல்லை. 5 மில்லிமீட்டர் தூளாக்கின கண்ணாடி நார் மண்ணை விடக் கொஞ்சம்தான் மேல. முழுசா ஒரு வளையாக, அதாவது கூரை தாங்கிற உத்திரம் மாதிரிக் கிடந்தால் அது வளை, அதுக்கு ஒரு விலை இருக்கு.

நான் இப்ப ஒவ்வொரு பிளேட்டுக்கும் ரெண்டாவது வேலையை முதலே தீர்மானிக்கிறன். உதாரணத்துக்கு, 'இது வேலிக் கட்டையாப் போகும்' எண்டு எழுதினால் அந்த ஒரு வரியே டிசைனை மாத்திப்போடும். கட்டை நேரா இருக்க வேணும், அப்ப உள்ளுக்கை இருக்கிற முதுகெலும்பு நேரா வர வேணும். கீழ நாலடி முழுசா இருக்க வேணும், அப்ப அந்த நாலடிக்குள்ள அடிப் போல்ட் ஓட்டையை விட வேற ஓட்டை போடேலாது.

ரெண்டாம் படி: எதால செய்யிறது

என்ர பதில் முதல்லயே சொல்லிறன், 3 மீட்டர் விட்டம் வரைக்கும் எண்டால் மரம். மற்றதெல்லாம் பிறகு.

மரம் எண்ட உடனை ஆக்கள் முதிரையோ பாலையோ எண்டு கேப்பினம், வன்னிக்காரன் புத்தி அப்பிடி. முதிரை கதவுக்கு, பாலை வளைக்கு. பாலை தண்ணியிலயே தாழுற மரம், அதைச் சுத்த விட்டால் போல்ட்டுதான் அழும். வேண்டியது பாரம் குறைஞ்ச, நார் நேரா ஓடுற, கணு இல்லாத பலகை. மலைவேம்பு நல்லது, நல்லாக் காஞ்ச தேக்கு கொஞ்சம் பாரமெண்டாலும் மழைக்குத் தாங்கும். ஒரே பலகையில செதுக்காமல் மூண்டு நாலு கீலத்தை ஒட்டி செதுக்கினால் முறுகாது, ஒரு கீலத்தில பழுது இருந்தாலும் மற்றது பிடிக்கும். மரம் பழைய காலத்துச் சாமான் எண்டு சிரிக்கிறவைக்கு: ஜேர்மனியில வூடின் எண்ட கொம்பனி மென்தகடு மரத்தை ஒட்டி 19.3 மீட்டர் பிளேட் செய்து 2024 இல காத்தாடியில பூட்டினது.

பிவிசி குழாயை நெடுக வெட்டி பிளேட் செய்யிறது யூரியூப்பில பாத்து கன பெடியள் செய்யினம். வெட்ட லேசு, பனங்கட்டிச் சாதிப் பிளாஸ்ரிக், அதால ரீசைக்கிள் ஆகும் எண்டும் சொல்லுவினம். எங்கட வெயிலுக்கு அது காலப்போக்கில மொறுமொறுப்பாகும், பிறகு ஒருநாள் கண்ணாடி மாதிரிச் சிதறும், சிதறின துண்டை எங்க பொறுக்கிறது. எரிச்சால் குளோரின் புகை. பள்ளிக்கூடத்துச் செயல்திட்டத்துக்குச் செய்யுங்கோ, வீட்டுக்கு மேல ஏத்தாதேங்கோ.

பைபர் வேணும் எண்டால், அதாவது 3 மீட்டரைத் தாண்டிப் போறியள் இல்லாட்டி கடற்கரை உப்புக்காத்தில மரம் நிக்காது எண்டு நினைக்கிறியள் எண்டால், ரெசினைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சு வைக்க வேணும். உலகத்தில இப்ப இதிலதான் பெரிய ஓட்டம். சீமென்ஸ் கமேசா 2021 இல பிரிக்கக்கூடிய பிளேட் எண்டு அறிவிச்சு, அடுத்த வருசமே ஜேர்மனிக் கடலில காஸ்காசி எண்ட காத்தாலையில 81 மீட்டர் பிளேட்டைப் பூட்டிச்சினம். அதில ரெசினுக்குள்ள கட்டுற மூலக்கூறிலயே ஒரு பலவீனமான முடிச்சு வைச்சிருக்கு, மெல்லிய அமிலத்தில போட்டுச் சூடாக்கினால் முடிச்சு அவிழும், நாரை முழுசா எடுக்கலாம். பிரான்சில ஸீப்ரா எண்ட திட்டம் வேற வழியில போனது: அர்க்கெமாவின்ர எலியம் எண்ட ரெசின், ஊத்தேக்கை தண்ணி மாதிரி, இறுகினாப்பிறகும் பனங்கட்டிச் சாதி. அதில 62 மீட்டர் பிளேட் ஒண்டை 2022 இல ஸ்பெயினில செய்து முடிச்சினம். அமெரிக்காவில சீனிப்பொருளில இருந்து எடுத்த ரெசினில 9 மீட்டர் பிளேட் செய்து 2024 இல காட்டிச்சினம், அது சூடான மெதனோலில கரையும்.

பழைய எப்பொக்சிக்கும் வெஸ்ராஸ் ஆக்கள் ஒரு இரசாயன வழியை 2023 இல அறிவிச்சவை. நல்ல விசயம். ஆனால் இதுகள் ஒண்டையும் முல்லைத்தீவுக் கடையில லீற்றர் கணக்கில வாங்கேலாது. அதனால எங்கட டிசைனில ரெசினைப் பிரிக்கிறதை நம்பாமல் பாகத்தைப் பிரிக்கிறதை நம்ப வேணும், இதுதான் நான் சொல்ல வாற முக்கியமான கதை. கிடைக்கிற பொலியெஸ்டரையே பாவியுங்கோ, ஆனால் பைபர் பைபராவே இருக்கட்டும், அதுக்குள்ள வேற ஒண்டையும் புதைக்காதேங்கோ. இரும்பு வேண்டாம், போம் வேண்டாம், பிளைவூட் துண்டு வேண்டாம். உள்ளுக்கை வெறுமையா விடுங்கோ.

ஒரு எச்சரிக்கை, போட் வேலை தெரியாத ஆக்களுக்கு: ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரையும் அதைக் கெதியாக்கிற கோபால்ட் அக்ஸிலறேற்றரையும் நேரை ஒண்டாக் கலக்காதேங்கோ, வெடிக்கும். ஒண்டை ரெசினுக்குள்ள கலக்கி முடிஞ்சாப்பிறகுதான் மற்றது.

மூண்டாம் படி: முதுகெலும்பு வேற, தோல் வேற

இந்தப் படி பைபரில செய்யிறவைக்கு. பிளேட்டுக்கு ரெண்டு வேலை. ஒண்டு காத்தைப் பிடிக்கிற வடிவம், மற்றது பாரம் தாங்கிற பலம். வழமையா ரெண்டையும் ஒரே உடம்பில செய்வினம். பிரிச்சுச் செய்யுங்கோ. நடுவில ஒரு பெட்டிக் குழாய் மாதிரி முதுகெலும்பு, அடியில இருந்து நுனிப்பக்கம் முக்கால் தூரத்தைத் தாண்டும் வரைக்கும் ஒரே அகலம் ஒரே உயரம். அதுக்கு மேல ரெண்டு பாதியா மெல்லிய தோல். திருக்கு, அகலம் கூடிறது குறையிறது எல்லாம் தோலில மட்டும்.

காத்துக்கணக்குப் பாக்கிறவை இதைக் கண்டால் முகம் சுழிப்பினம், ஏனெண்டால் முதுகெலும்பும் நுனிக்குப் போகப் போக ஒடுங்கினால் பாரம் குறையும். உண்மை. எனக்கும் ஒரு பிளேட்டில 300 கிராம் கூடினது. ஆனால் ஒடுங்கிற துண்டை வெட்டினால் நாலு துண்டும் நாலு அளவு, ஒரே அளவுக் குழாயை வெட்டினால் நாலு துண்டும் ஒரே மாதிரி, அது பிறகு கட்டை, சட்டம், கைபிடி எதுக்கும் உதவும். 300 கிராமைக் குடுத்து அதை வாங்கலாம் எண்டுதான் என்ர நினைப்பு.

முதுகெலும்புக்கு நாரை நீளப்பக்கமா, ஒரே திசையில போடுங்கோ. நார் கலைஞ்சு கிடக்கிற சொப் மேற்றை வெளித்தோலுக்கு வைச்சுக்கொள்ளுங்கோ. நேர் நார் போட்ட துண்டு எத்தினை வருசம் போனாலும் பலகை மாதிரித்தான் வேலை செய்யும்.

தோலை முதுகெலும்போட எதால பிடிக்கிறது? ரெசினால ஒட்டினால் கதை முடிஞ்சுது. காருக்கு முன்கண்ணாடி ஒட்டுற பொலியூறித்தேன் பசை இருக்கெல்லோ, அதைப் பாவிக்கிறன். கராஜ்காரர் கண்ணாடியை உடைக்காமல் ஒரு கம்பியைச் செருகி ரெண்டு பக்கமும் இழுத்து அறுத்து எடுப்பினம், அதே மாதிரித்தான். பசை எப்பவும் கம்பி போகக்கூடிய இடத்தில, நேர்கோடா, அகலம் ஒரு அங்குலத்துக்கு மேல போகாமல். முன்விளிம்பிலயும் பின்விளிம்பிலயும் அதே பசை. கம்பி போகேலாத மூலைக்குள்ள பசை போட்டீங்கள் எண்டால் நீங்கள் என்ர பழைய பிளேட்டைத்தான் திரும்பச் செய்யிறியள்.

நாலாம் படி: அடிப்பாகம்

இதில விளையாடாதேங்கோ. கணக்கு ஒண்டு போட்டுக் காட்டிறன். 3 மீட்டர் காத்தாடி, செக்கனுக்கு 10 மீட்டர் வேகக் காத்தில நிமிசத்துக்கு கிட்டத்தட்ட 400 சுத்து. பிளேட் 2 கிலோ, அதின்ர பாரத்தின்ர நடு, சுத்துற அச்சில இருந்து அரை மீட்டர் தள்ளி. அப்ப அந்த 2 கிலோச் சாமான் வெளியில பறக்கிறதுக்கு இழுக்கிற இழுவை கிட்டத்தட்ட 180 கிலோ. பற்றறி வயர் கழண்டு லோட் இல்லாமல் 600 சுத்துக்குப் போச்சுதெண்டால் 400 கிலோ. சுத்து ஒண்டரை மடங்கு, இழுவை ரெண்டேகால் மடங்கு.

ஆகவே போல்ட். பசை இல்லை, ரிவெற் இல்லை. மரமோ பைபரோ, அடியை ரெண்டு தட்டுக்கு நடுவில வைச்சு ஊடுருவிப் போற போல்ட் நாலு, பெரிய வொஷர், நைலோன் நட். கடற்கரைக்கு ஸ்ரெயின்லெஸ். பைபருக்குள்ள நட்டைப் புதைச்சு வைக்காதேங்கோ, பெரிய பிளேட்டில அதைத்தான் செய்யினம், பிறகு வெட்டேக்கை அடிப்பாகம் முழுக்க இரும்பும் நாரும் கலந்த கட்டியா நிக்கும்.

இன்னொண்டு: போல்ட் ஓட்டையின்ர தூரத்தை எல்லாக் காத்தாடிக்கும் ஒரே அளவாக வையுங்கோ. நான் அட்டையில ஒரு மாதிரி வெட்டி வைச்சிருக்கிறன், விசுவமடுவில ஒரு தோட்டத்துக்குச் செய்ததும் எங்கட வீட்டில நிக்கிறதும் அதே ஓட்டைதான். போன வருசம் அங்கை ஒரு பிளேட்டில பனையோலை வந்து அடிச்சு நுனி போட்டுது, இஞ்ச இருந்து ஒண்டைக் கழட்டிக் குடுத்தன், பாரத்தைச் சரிபாத்துப் பூட்டிச்சினம், அண்டு பின்னேரமே சுத்தினது. இதை விட நல்ல ரீசைக்கிள் இல்லை.

அஞ்சாம் படி: தேயிறதைத் தனியா வையுங்கோ

நுனி வேகம் செக்கனுக்கு 60 மீட்டர், அதாவது மணித்தியாலத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. அந்த வேகத்தில மழைத்துளியும் கரையோர மணலும் முன்விளிம்பை அரம் மாதிரி ராவும். மன்னார், பூநகரி, பளைப் பக்கம் எண்டால் சோளகம் தொடங்கி முடியிறதுக்குள்ள தெரியும். அதனால முன்விளிம்புக்கு கழட்டி மாத்தக்கூடிய பொலியூறித்தேன் ரேப் (ஒட்டுநாடா) ஒட்டுங்கோ, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கால் உரிச்சுப் புதுசு. மரமெண்டால் தடிப்பான பெயின்ற் வேண்டாம், கடையில 'கொதிக்க வைச்சது' எண்டு விக்கிற லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் வருசத்துக்கு ஒருக்கால் காணும், எண்ணெய் மரம் கடைசியில மரமாவே போகும்.

ஆறாம் படி: மண்மூட்டைப் பரிசோதனை

மண்மூட்டை அடுக்கிறது வன்னிக்காரருக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. பிளேட்டின்ர அடியை மேசையில இறுக்கி, காத்துப் படுற முகம் மேல பாக்க, நுனி வெளியில நீட்டி நிக்க வையுங்கோ. செக்கனுக்கு 20 மீட்டர் வேகக் காத்து முகத்தில அடிச்சால் ஒரு பிளேட்டில கிட்டத்தட்ட 46 கிலோ தள்ளும், நான் 50 எண்டு எடுக்கிறன். சின்னச் சின்னப் பையா மண் கட்டி, நுனிப்பக்கம் கூடவா, பாரத்தின்ர நடு அடியில இருந்து மூண்டில ரெண்டு தூரத்தில வாற மாதிரிப் பரப்புங்கோ. பத்து நிமிசம் விடுங்கோ. சத்தம் கேட்டால் அந்த பிளேட் வேண்டாம்.

எல்லாரும் செய்யாமல் விடுறது இதுக்குப் பிறகு வாறது. நுனி எத்தினை மில்லிமீட்டர் தாழ்ந்தது எண்டு அளந்து எழுதி வையுங்கோ. அஞ்சு வருசத்துக்குப் பிறகு பிளேட்டைக் கழட்டி அதே 50 கிலோவை வைச்சுப் பாருங்கோ. முதல் தாழ்ந்த அளவுதான் எண்டால் உள்ளுக்கை நாரும் ரெசினும் நல்லா இருக்கு, திரும்ப ஏத்தலாம். பத்தில ஒரு பங்குக்கு மேல கூடத் தாழ்ந்தால் நான் ஏத்த மாட்டன், வேலிக்கு விடுவன். முதல் நாள் அளவு இல்லாட்டி எந்தக் கெட்டிக்காரனாலயும் ஒரு பழைய பிளேட்டைப் பாத்து இது நல்லதோ கெட்டதோ எண்டு சொல்லேலாது. வெளியில பெயின்ற் பளபளக்கும், உள்ளுக்கை லேயர் பிரிஞ்சிருக்கும்.

ஏழாம் படி: சாதகம் எழுதுங்கோ

பிறந்த பிள்ளைக்கு எழுதிற மாதிரித்தான். என்ன மரம், இல்லாட்டி என்ன ரெசின், எந்த நார் எத்தினை லேயர், எந்தத் திகதி, எத்தினை கிலோ, 50 கிலோவுக்கு எத்தினை மில்லிமீட்டர் தாழ்ந்தது, எந்தப் பசை எங்க இருக்கு. பென்சிலால ஒரு மெல்லிய தாளில எழுதி, கடைசி லேயருக்குக் கீழ வைச்சு ரெசின் விடுங்கோ, தாள் ரெசினைக் குடிச்சு கண்ணாடி மாதிரித் தெளியும், எழுத்து மட்டும் நிக்கும். போட்டுக்கு நம்பர் வைக்கிற பழைய முறைதான் இது. பேனை மை கலங்கும், பென்சில் கலங்காது. ஜெல்கோட் அந்த இடத்தில மட்டும் அடிக்காதேங்கோ.

ஒரு இடத்தில எழுதினால் காணாது, வெட்டப்போற ஒவ்வொரு துண்டுக்கும் ஒண்டு. வெட்டுற கோட்டையும் இப்பவே தோலில கீறி விடுங்கோ. என்ர கோடு அடியில இருந்து நாலடியில, அது வேலிக் கட்டை நீளம். பெரிய பிளேட் செய்யிறவை 12 மீட்டருக்கு ஒரு கோடு எண்டு யோசிச்சால் கொண்டெய்னரிலயே ஏத்தலாம், அந்தக் கோட்டில இடிக்கம்பி எந்த இடத்தால போகுது எண்டு குறிச்சு வைக்க வேணும், அவ்வளவுதான்.

எட்டாம் படி: இறக்கின நாள்

முதல்ல தட்டிப் பாருங்கோ. ஒரு ரூபாக் குத்தியோ சின்னச் சாவியோ எடுத்து அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரு அங்குலத்துக்கு ஒண்டாத் தட்டிக்கொண்டு போங்கோ. 'ணங்' எண்டு கேட்டால் நல்லம், 'டொக்' எண்டு செத்த சத்தம் கேட்ட இடத்தில சோக் கட்டியால வட்டம் போடுங்கோ. பிறகு மண்மூட்டை. இந்த ரெண்டுக்கும் பிறகுதான் எங்க போகும் எண்ட தீர்ப்பு.

தீர்ப்பு வேலிக்கு எண்டால்: எங்கட பக்கம் ஆனை வேலி கரண்ட் கம்பிதான். கண்ணாடி நார் கரண்ட் கடத்தாது, கறையான் அரிக்காது, மழையில உக்காது, அதனால இன்சுலேற்றர் பூட்டுற நடுக்கட்டைக்கு முதுகெலும்புத் துண்டு நல்லாப் பொருந்தும். மூலைக்கட்டைக்கு வேண்டாம், இழுவை கூட, அதுக்கு பாலைதான். காபன் நார் போட்ட துண்டு எண்டால் கரண்ட் கடத்தும், அதைக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ, அதுக்குத்தான் சாதகம் எழுதச் சொன்னது. தோல் பாதியைக் கவிட்டால் கோழிக்கூட்டுக் கூரை, நிமித்தினால் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணி கொண்டுபோற பீலி. குடிக்கிற தண்ணிக்குப் பாவியாதேங்கோ.

வெளிநாட்டில இதைப் பெரிசாவே செய்யினம். நெதர்லாந்தில ரொட்டர்டாமில பழைய பிளேட்டால சின்னப் பிள்ளையளுக்கு விளையாட்டு இடம் கட்டி கன வருசம். போலந்தில 2021 இல பிளேட்டை வளையா வைச்சு நடைபாலம் போட்டினம், அடுத்த வருசம் அயர்லாந்தில கோர்க் பக்கமும் ஒண்டு. முதுகெலும்பு எங்க இருக்கு, நார் எந்தத் திசை எண்டு தெரிஞ்சால்தான் அப்பிடிக் கட்டலாம், செய்த கொம்பனி வரைபடம் தராட்டி அந்த ஆக்கள் வெட்டி ஸ்கான் பண்ணி தாங்களே கண்டுபிடிக்க வேண்டிக் கிடக்கு. அதைத்தான் ஏழாம் படியில ஒரு பென்சில் செய்யுது.

வெட்டேக்கை தண்ணி விட்டு வெட்டுங்கோ, முகமூடி கட்டாயம், முழுக்கைச் சேட். கண்ணாடித் தூள் தோலில பட்டால் எப்பிடிக் கடிக்கும் எண்டு போட் பட்டறைப் பெடியளைக் கேளுங்கோ. நெஞ்சுக்குள்ள போனால் கடிக்கிறது தெரியாது, அதுதான் மோசம். வெட்டின தூளை வழிச்சு ஈரத்தோட பையில கட்டி வையுங்கோ.

கடைசியா மிஞ்சிறது

எதுக்கும் உதவாத துண்டு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். உலகத்தில இதுக்கு இப்ப பாவிக்கிற பெரிய வழி சீமெந்துச் சூளை. அரைச்சுப் போட்டால் ரெசின் விறகா எரியும், கண்ணாடியில இருக்கிற சிலிக்கா சீமெந்துக்குள்ளயே போகும், சாம்பல் மிஞ்சாது. ஜேர்மனியில கன காலமாச் செய்யினம். எங்கட நாட்டில சூளைக்குள்ள கழிவு எரிக்கிற ஏற்பாடு புத்தளத்தில இருக்கு, காங்கேசன்துறைச் சூளை 1990 இல நிண்டது நிண்டதுதான். ஒரு மூட்டைத் துண்டுக்காக புத்தளம் போகேலாது, ஆனால் முல்லைத்தீவில இருந்து மன்னார் வரைக்கும் கரையில கிடக்கிற உடைஞ்ச பைபர் போட் எல்லாம் அதே சாமான்தான். சங்கங்கள் சேர்ந்து ஒரு லொறிக்குச் சேர்த்தால் கதைச்சுப் பாக்கலாம், நான் எங்கட கரையில ரெண்டு பேரோட கதைச்சிருக்கிறன், அவை இன்னும் தலை ஆட்டேல்லை.

சுட்டு நாரை எடுக்கிற பைரொலிசிஸ் முறையும் இருக்கு, ஆனால் அந்தச் சூட்டில கண்ணாடி நாரின்ர பலம் பாதிக்குக் கிட்டப் போயிடும். காபனுக்குப் பிரயோசனம், எங்களுக்கு இல்லை. வீட்டில பரலுக்குள்ள போட்டு எரிக்கிறதை அந்தக் கணக்கில சேர்க்காதேங்கோ, அது வெறும் நஞ்சுப் புகை.

மர பிளேட் எண்டால் இந்தத் தலையிடி ஒண்டும் இல்லை. ரேப்பை உரிச்சு, போல்ட்டைக் கழட்டி அடுத்ததுக்கு வைச்சு, மரத்தை ஆணி அடிக்கிற வேலைக்கு எடுக்கலாம். ஒட்டுப் பசை இருக்கிறதால சமையல் அடுப்புக்கு வைக்காதேங்கோ.

பூவரசுக்குக் கீழ கிடந்த அந்த மூண்டுக்கும் போன மாசம்தான் ஒரு வேலை கிடைச்சுது. கிணத்தடியில வாய்க்கால் கரை கரைஞ்சுகொண்டு போனது, மூண்டையும் நெடுக்கா அடுக்கி மண் போட்டு இடிச்சுவிட்டன். மேல பெயின்றால 'உள்ளுக்கை இரும்பும் போமும், 2016' எண்டு பெரிசா எழுதினனான், ஆரும் பிறகு கிண்டேக்கை மண்வெட்டி கவனமாப் போகட்டும் எண்டு.